தக்காளி வைரஸ்: வாட்ஸ்அப் செய்தி தவறு

'தக்காளியில் புது வைரஸ். ஆய்வகத்தில் செய்தது என்று மரபணு ஆய்வே சொல்லிவிட்டது, சாப்பிட்டால் தொற்றும்' என்றொரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

பழத்தில் பழுப்புச் சுருக்கம் உண்டாக்கும் இந்த வைரஸ் 2014-இல் இஸ்ரேலில் தென்பட்டது. புகையிலைத் தேமல் வைரஸின் உறவுதான். செடியைத் தாக்கும், விளைச்சலைக் கெடுக்கும், மனிதருக்குத் தொற்றாது.

சரி, மரபணு ஆய்வு எதற்கு? நோயுற்ற இலையிலிருந்து வைரஸின் மரபணுப் பொருளான ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, அதிலுள்ள சுமார் 6,400 'எழுத்துகளையும்' (வரிசையாக அமைந்த வேதி அலகுகளை) படிப்பார்கள். வைரஸ் பெருகும்போது ஓரிரு எழுத்துகள் தானாகவே மாறும். இரண்டு பண்ணைகளின் வைரஸில் அதே மாற்றங்கள் இருந்தால் தொற்று ஒரே வழியில் வந்திருக்க வாய்ப்பு அதிகம். நெதர்லாந்தில் இப்படி ஒப்பிட்டபோது வைரஸ்கள் தனித்தனிக் கொத்துகளாகப் பிரிந்தன. அதாவது, அங்கே அது ஒரு தடவைக்கு மேல் நுழைந்திருக்க வேண்டும். விதை, கை, கத்தரிக்கோல் வழியாகப் பரவும் நோயைத் தடுக்க இந்தத் தடயம் பெரிய உதவி. அதைப் போய் சதிக்கு ஆதாரமாகக் காட்டுவது விவசாயிக்குத்தான் கேடு.

இப்படிப் படித்த எழுத்து வரிசைகள் ஜென்பேங்க், நெக்ஸ்ட்ஸ்ட்ரெயின் என்ற இணையதளங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன, யாரும் பார்க்கலாம். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.