பி பக்கத்தில் பெய்யும் மழை

போன வாரம் செங்கோட்டை வீட்டில் பரணை ஒழித்தோம். ஒரு மரப்பெட்டியில் 43 கேசட்டுகள் இருந்தன. "எல்லாப் பாட்டும் போனிலேயே இருக்கிறது அண்ணா, இதை எதற்குக் கட்டி அழ வேண்டும்? பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடலாம்" என்றான் தம்பி. அவன் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கென்று கடையில் வாங்கிய முதல் கேசட் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'. 1986-இல் வந்தது. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாஹுக்கும் காணிக்கையாக அவர் செய்த இசைத்தொகுப்பு. பாஹ் யாரென்று கேட்டால் சொல்ல எங்கள் தெருவில் ஆள் கிடையாது. அப்பா தையல்காரர், இரண்டு சட்டை தைத்த கூலியை எண்ணிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து போட்டதும், "பாடுகிறவர் எப்போது வருவார்?" என்று கேட்டபடியே அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் ஓடி முடிந்தது, யாரும் பாடவில்லை. மறுநாள் சாயங்காலம் அம்மாவே அதைப் போடச் சொன்னார்.

அந்தக் கேசட்டை வேண்டுமானால் கொடுத்துவிடலாம். அதே இசை இன்று அதைவிடத் துல்லியமாகக் கிடைக்கிறது. நான் விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டது பதிவு கேசட்டுகளை.

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். காலி கேசட்டோடு பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் கடையில் பதிந்து தருவார்கள். 60 நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம். நாலரை நிமிடப் பாட்டு ஆறு போக, மூன்று நிமிடம் மிஞ்சும். 90 நிமிடக் கேசட்டில் நாடா மெலிசு, சீக்கிரம் இழுபட்டுவிடும் என்று கடைக்கார அண்ணாச்சி அதை எடுக்கவே விடமாட்டார். மிஞ்சிய மூன்று நிமிடத்தைச் சும்மா விடவும் அவருக்கு மனம் வராது; ஏழாவதாக ஒரு பாட்டைத் தொடங்கிவிடுவார். அது இரண்டாவது சரணத்தில் டக்கென்று நிற்கும். ஜான்சன் இசையமைத்த ஒரு மலையாளப் பாட்டை நான் அப்படித்தான் எட்டு வருடம் முடிவு தெரியாமல் கேட்டேன். ஒருநாள் ஆரியங்காவில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது டீக்கடையில் அந்தப் பாட்டு வந்தது. இரண்டாவது சரணத்தைத் தாண்டியும் ஓடியது. பஸ் வந்து நின்று புறப்பட்டுப் போனது. நான் ஏறவில்லை.

மலையாளப் பாட்டு எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்று வெளியூர் நண்பர்கள் கேட்பார்கள். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்த ஊர். என் தாத்தா கடைசிவரை மலையாளத்தில்தான் கையெழுத்துப் போட்டார். அம்மாவின் தம்பி, என் மாமா, எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், தென்மலைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் வேலையில் இருந்தார். மாதம் ஒருமுறை, பதிமூன்று கண் பாலத்தின் மேல் ஊர்ந்து வரும் மீட்டர்கேஜ் ரயிலில் வந்து இறங்குவார். பையில் மரச்சீனிக் கிழங்கும் அதற்கடியில் கேசட்டும் இருக்கும். யேசுதாஸ் 1980-இல் தொடங்கிய தரங்கிணி நிறுவனத்தின் ஓணப்பாட்டுகளும் ஐயப்பன் பாட்டுகளும் அப்படித்தான் எங்களிடம் வந்து சேர்ந்தன.

அதைவிட எனக்கு முக்கியம் மாமாவே பதிந்த கேசட்டுகள். ரேடியோ முன்னால் டேப்ரெக்கார்டரை வைத்து, பாட்டு தொடங்கும் நேரம் பார்த்துச் சிவப்புப் பொத்தானை அமுக்குவார். மலையாளப் பாட்டின் முதல் வரியைக் காதில் விழுந்தபடி தமிழ் எழுத்தில் அட்டையில் எழுதுவார். அவர் தப்பாகக் கேட்டு எழுதியதையே நாங்களும் தப்பாகப் பாடினோம். எனக்கு இன்றும் அந்தத் தப்பு வரிகள்தான் முதலில் வாயில் வருகின்றன.

இவையெல்லாம் அனுமதியில்லாத பதிவுகள்தானே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். அந்தப் பாட்டுக்கு உழைத்தவர்களுக்கு எங்கள் காசு போகவில்லை. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு, தமிழ் எத்தனை, மலையாளம் எத்தனை, எந்த அட்டையில் யார் கையெழுத்து என்பதெல்லாம் எந்த நிறுவனமும் வெளியிட்டதில்லை. எங்கள் குடும்பத்தின் இசைத்தொகுப்பு அதுதான். பெட்டியைத் தூக்கிப் போட்டால் அது உலகத்தில் வேறெங்கும் இருக்காது. வளைகுடாவுக்குப் போன கணவருக்குக் கேசட்டிலேயே பேசி அனுப்பிய பெண்கள் எல்லையின் இரண்டு பக்கமும் இருந்தார்கள். அந்தக் கேசட்டுகள் எத்தனை வீட்டுக் குப்பையோடு போயினவோ. நினைத்தாலே வயிறு பிசைகிறது.

உங்கள் வீட்டிலும் இருந்தால் தயவுசெய்து உடனே போட்டுப் பார்க்காதீர்கள். முதலில் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னத் துண்டுகளை உடைத்துவிடுங்கள். தவறிப்போய்க்கூட மேலே பதிய முடியாது. நடுவில் நாடாவை அழுத்தும் சிறு கம்பளித் துண்டு விழுந்திருக்கிறதா பாருங்கள். சக்கரத்துக்கு ஆறு பல், நம் பென்சிலுக்கு ஆறு பட்டை. அதை நுழைத்து மெதுவாகச் சுற்றி, நாடா ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தென்மேற்குப் பருவமழை அடிக்கும் எங்கள் பக்கம் பூசணம்தான் பெரிய எதிரி. அம்மா கேசட் பெட்டியில் வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து போட்டுவைப்பார், நமத்ததும் மாற்றுவார். பூசணம் பிடித்ததை அப்படியே ஓடவிட்டால் கருவியில் நாடா உரசிப் போகும் தலையில் ஒட்டி அடுத்த கேசட்டையும் கெடுக்கும். அதைத் தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்த பிறகே போடுங்கள். ஓடும்போதே கணினியில் பதிந்துகொள்ளுங்கள். அட்டையையும் படம் எடுத்து வையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பியை உட்காரவைத்து மாமாவின் கேசட் ஒன்றைப் போட்டேன். பி பக்கம், மூன்றாவது பாட்டு. பாட்டுக்குப் பின்னால் தகரக் கூரையில் மழை கொட்டுகிறது. தென்மலை மழை. பல்லவி முடியும் இடத்தில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்கிறது. அம்மா ஆடி மாதம் அங்கே போயிருந்த சமயம் போலிருக்கிறது. உடனே மாமாவின் குரல், தணிந்து: "அக்கா, கொஞ்ச நேரம் சும்மா இரு."

மாமா போய்ப் பதினோரு வருடமாகிறது. தம்பி எழுந்து போய், பழைய பேப்பர் மூட்டையோடு கட்டி வைத்திருந்த மரப்பெட்டியின் கயிற்றை அவிழ்த்தான்.