எக்ஸ்ரே காட்டாத கிழிசல்

எக்ஸ்ரேயில் முறிவு தெரியாவிட்டால் தோள்பட்டைக் காயத்துக்கு இழப்பீடு கேட்பது வீண் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு உடன்பாடில்லை. தோளைச் சுற்றியுள்ள தசைநாண் (தசையை எலும்போடு இணைப்பது) கிழிந்தால் எக்ஸ்ரேயில் தெரியாது; எம்ஆர்ஐ ஸ்கேனோ அல்ட்ராசவுண்டோ எடுத்தால்தான் தெரியும்.

ஈரத் தரையில் எச்சரிக்கைப் பலகை வைக்காத இடத்தில் வழுக்கி விழுந்தவன் நான். மூன்று வாரம் சட்டைக்குள் கையை நுழைக்கக்கூட முடியவில்லை. காப்பீட்டுத் தரப்போ 'இது வயதுத் தேய்மானம்' என்றது. (அந்தத் தேய்மானம் அன்று காலைவரை எங்கே போயிருந்ததாம்?) விழுந்த அன்றே மருத்துவர் எழுதிய குறிப்புதான் கைகொடுத்தது.

விழுந்த இடத்தின் கேமரா பதிவை உடனே எழுத்தில் கேளுங்கள். நாளானால் பழையதன்மேல் புதியது பதிவாகிவிடும். அறுவை சிகிச்சை தேவையா என்று தெரியும்முன் சமரசத் தொகைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். பிறகு கூடுதலாகக் கேட்கப் பெரும்பாலும் வழியிருக்காது.