பாட்டு வேறு, ஒலிப்பதிவு வேறு

பதிப்புரிமை பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, இலவசமாக இணையத்தில் எதை ஏற்றினாலும் அது திருட்டுதான் என்று ஒரேயடியாகச் சொல்கிறது. அப்படியில்லை. இந்தியச் சட்டத்தில் ஒரு நூலின் பதிப்புரிமை ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரைதான். எங்கள் தேரூர்க் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை மறைந்தது 1954இல். 2014 முடிந்ததும் அவர் பாடல்கள் எல்லோருக்கும் பொது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுப்பதைத் திருட்டு என்பாரா கட்டுரையாளர்?

எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். களியக்காவிளைப் பக்கம் எங்கள் கோயில் கொடை விழாவில் நடந்த வில்லுப்பாட்டை, பாடிய புலவரிடம் கேட்டுவிட்டு, கேரள எல்லை தாண்டி பாறசாலையில் இருக்கும் சொந்தக்காரர்களுக்காக வலையேற்றினேன். உடனே ஒரு கேசட் நிறுவனத்தின் பெயரில் உரிமைக் கோரிக்கை வந்து நின்றது! தலைமுறைகளாகப் பாடிவரும் கதைப்பாட்டு அது. அவர்கள் பதிவு செய்த ஒலிக்கு அவர்களுக்கு உரிமை உண்டு, பாட்டுக்கு ஏது? வலையேற்றியதைப் பழைய பதிவுகளோடு பொருத்திப் பார்க்கும் மென்பொருளுக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. ஆட்சேபம் அனுப்பியதும் விலக்கிக்கொண்டார்கள், சரி. ஆனால் மேடையில் பாடுகிறவருக்கும் சட்டம் 50 ஆண்டு நிகழ்த்துநர் உரிமை, அதாவது தன் நிகழ்ச்சியை யார் பதிவு செய்யலாம், பரப்பலாம் என்று முடிவு செய்யும் உரிமை, கொடுத்திருக்கிறது. கொடைக்குக் கொடை பாடும் எத்தனை புலவர்களுக்கு அது தெரியும்? கட்டுரையாளர் அடுத்து அதைப் பற்றி எழுதினால் எங்கள் ஊரில் நானே அச்செடுத்துக் கொடுப்பேன், அவர் அனுமதித்தால்.