மயக்க வாயு மாதக்கணக்கில் உடம்பில் தங்குமா?

"ஆபரேஷனுக்குக் கொடுக்கும் மயக்க வாயு மாதக்கணக்கில் ரத்தத்தில் தங்கி ஈரலை அரிக்கும், எழுந்ததும் உடம்பு நடுங்குவது அதனால்தான்" என்று ஒரு செய்தி சுற்றி வருகிறது. தவறு.

வாயு உள்ளே போன வழியாகவே, அதாவது மூச்சு வழியாகவே, பெரும்பாலும் வெளியேறுகிறது. டாக்டர் அதை நிறுத்தியதும் ஒவ்வொரு மூச்சிலும் ரத்தத்திலிருந்து நுரையீரலுக்கு வந்து போய்விடும். மூளையில் அளவு குறையக் குறையக் கண் திறக்கும். இன்று பரவலாகப் பயன்படும் மயக்க வாயுவான செவோஃப்ளுரேனில், ஈரலுக்குப் போய் அங்கே சிதைக்கப்படுவது சுமார் 5 சதவீதம்தான். டெஸ்ஃப்ளுரேன் என்ற இன்னொரு வாயுவில் வெறும் 0.02 சதவீதம். கொழுப்பில் ஒதுங்கும் மிச்சமும் நாட்கணக்கில் கரைந்துவிடும்.

ஈரல் பயம் வானத்திலிருந்து குதித்ததல்ல. 1956-ல் புழக்கத்துக்கு வந்த ஹாலோத்தேன் என்ற பழைய மயக்க வாயுவில் ஏறக்குறைய 20 சதவீதம் ஈரலில்தான் சிதையும். அபூர்வமாகச் சிலருக்குக் கடும் ஈரல் அழற்சி வந்தது உண்மை. அந்தப் பழியைத்தான் புதிய மருந்துகளின் தலையில் கட்டுகிறார்கள்.

சரி, நடுக்கம்? மயக்கத்தில் தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்து உடலின் உட்சூடு கசிந்துவிடுகிறது. முதல் ஒரு மணி நேரத்திலேயே 1 டிகிரி செல்சியஸுக்கு மேல்கூட இறங்கலாம். விழித்ததும் இழந்த சூட்டை மீட்கத்தான் பற்கள் தந்தியடிக்கின்றன. கம்பளி போர்த்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

டாக்டரிடம் சொல்ல வேண்டியது வேறு ஒன்று. மயக்க மருந்தின்போது குடும்பத்தில் யாருக்காவது உடல் சூடு தாறுமாறாக ஏறியிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மரபுவழி வரும் அந்தக் கோளாறு அபூர்வம், ஆனால் உயிருக்கே ஆபத்தானது.