தமிழ் கேட்டதும் விட்ட கை

தைவான் தலைநகர் தைபேயில் சிமென்டிங் என்றொரு கடைத்தெரு. சனிக்கிழமை இரவு, கால் வைக்க இடமில்லை. அவனும் நானும் கைகோத்து நடந்துகொண்டிருந்தோம். அந்த ஊரில் இதை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இரண்டு நாளில் எனக்கே அது பழகிவிட்டிருந்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "டேய், இங்கே பாருடா, இந்த டீயில் ஜவ்வரிசி போடுகிறார்கள்!"

அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைத் தெரியாமல் தொட்டவனைப் போல அவன் கையை உதறினேன். படிக்க வந்த பையன்கள் இரண்டு பேர். திருச்சிப் பக்கத்துப் பேச்சு. எங்களைப் பார்க்கக்கூட இல்லை, டீயைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார்கள். விடுதிக்குத் திரும்பும் வரை அவன் என்னோடு பேசவில்லை. பதினொரு ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்கிறோம். அவன் கோபத்துக்கு எத்தனை மணி நேரம் ஆயுள் என்று எனக்குத் தெரியும். அன்று அது மறுநாள் காலை வரை நீண்டது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என்னைப் பற்றி இங்கே வெளிப்படையாக எழுதியதிலிருந்து உள்பெட்டியில் ஒரு கேள்வி ஓயாமல் வருகிறது: "அண்ணா, ஆசியாவில் நமக்குப் பாதுகாப்பான நாடு எது?" பெரும்பாலும் இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள், முதல் பாஸ்போர்ட் எடுத்தவர்கள். இணையத்தில் பச்சை, சிவப்பு அடித்த வரைபடங்கள் நிறையவே உண்டு. பார்த்துக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் அவற்றோடு வரும் அறிவுரைகளில் முக்கால்வாசி வெள்ளைக்கார இணைகள் வெள்ளைக்கார இணைகளுக்காக எழுதியவை. போகிற ஊரில் அவர்களை அடையாளம் காண ஆளில்லை. நமக்கு உண்டு.

(நாளிதழ்கள் எங்களை இன்னும் 'ஓரினச்சேர்க்கையாளர்' என்றுதான் எழுதுகின்றன. ஆளை விட்டுவிட்டுக் கட்டிலை மட்டும் எட்டிப் பார்க்கிற சொல் அது. தன்பாலீர்ப்பாளர் என்று எழுதினால் தேய்ந்துவிட மாட்டார்கள். நீளம் என்றால் 'கே' என்றே எழுதலாம்.)

தைவானில் 2019 மே 24 முதல் ஒரே பாலினத்தவர் மணம் பதிவு செய்யலாம். ஆசியாவில் அதுதான் முதல். சீ ஜியாவெய் என்ற மனிதர் 1986இல் தன் காதலனை மணக்க அனுமதி கேட்டுக் கிளம்பி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். 2017இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சிமென்டிங்கில் 1908இல் கட்டிய 'சிவப்பு மாளிகை' என்ற பழைய சந்தைக் கட்டடம் இருக்கிறது. அதன் பின்புறத்து முற்றம் முழுக்க எங்கள் ஆட்களின் மதுக்கூடங்கள். நாற்காலிகள் திறந்தவெளியில்தான் கிடக்கும். குடும்பங்கள் குழந்தைகளோடு அவற்றைக் கடந்து போகும்.

ஆனால் எனக்கு அந்த ஊரில் பிடித்தது மதுக்கூடமல்ல, ஒரு கோயில். தைபேயை ஒட்டிய புதிய தைபே நகரில், ஒரு சந்துக்குள், முயல் தெய்வத்துக்கு ஒரு சிறு கோயில் இருக்கிறது. கதை இதுதான். ஹு தியான்பாவ் என்ற படைவீரன் ஓர் அரசு அதிகாரி மேல் ஆசைப்பட்டு ஒளிந்திருந்து பார்த்ததற்காகக் கொல்லப்பட்டான். பாதாளத்தில் அவன்மேல் இரக்கப்பட்டு, ஆணை விரும்பும் ஆண்களுக்குக் காவலாக அவனைத் தெய்வமாக்கினார்கள். கொலையுண்டவன் தெய்வமாவது நமக்கென்ன புதிதா? மதுரை வீரனையும் காத்தவராயனையும் கும்பிட்டு வளர்ந்தவன் நான். அந்தக் கோயிலில் பெயரையும் முகவரியையும் தெய்வத்திடம் சொல்லி வேண்டிக்கொள்ள வேண்டும். இருவர் பெயரையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தோம். ஊரில் எங்கள் குலதெய்வத்துக்கு இன்றுவரை இரண்டு தனித்தனி அர்ச்சனைச் சீட்டுதான்.

இனி அந்தக் கையை உதறிய கதைக்கு வருகிறேன். யோசித்துப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. மெக்காலே முன்னின்று வரைந்த தண்டனைச் சட்டம் 1860இல் இந்தியாவில் நிறைவேறியது. 'இயற்கைக்கு மாறான உறவு' என்று எங்களைக் குற்றவாளியாக்கிய அதன் 377ஆம் பிரிவு இங்கேயே தங்கிவிடவில்லை. 1871இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களுக்குப் போனது. 1883இல் இலங்கைக்கு 365 என்று எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டு போனது. பர்மாவுக்கும் போனது. ரப்பர் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் நம் முன்னோரைக் கப்பலேற்றிய அதே ஆட்சிதான் அந்தப் பிரிவையும் ஏற்றி அனுப்பியது. ஆகவே ஆசியாவில் எந்தத் தெருவிலெல்லாம் தமிழ் இயல்பாகக் காதில் விழுகிறதோ, அங்கெல்லாம் அந்தச் சட்டம் இருக்கிறது, அல்லது நேற்றுவரை இருந்திருக்கிறது. ஆங்கிலேயர் ஆளாத தாய்லாந்திலும் வியட்நாமிலும் தைவானிலும் இன்று அப்படியொரு பிரிவு இல்லை. என் கை தமிழுக்குப் பயந்தது வெறும் கோழைத்தனம் இல்லை என்று அவனிடம் வாதாடினேன். "வரலாறு சொல்லித் தப்பிக்காதே" என்றான்.

மலேசியாவில் அந்தப் பிரிவு இன்னும் உயிரோடு இருக்கிறது. இருபது ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. முஸ்லிம்களுக்கு மாநில ஷரியா சட்டங்கள் தனி. 2018இல் திரங்கானுவில் இரண்டு பெண்களுக்கு நீதிமன்றத்திலேயே பிரம்படி கொடுத்தார்கள். இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் தைப்பூசத்துக்குப் பத்துமலை போனோம். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இரட்டைக் கட்டில் அறை, கேட்டு வாங்கியது. 272 படிகளிலும் கூட்டம் நெரிக்கிறது. பால்குடங்களுக்கும் காவடிகளுக்கும் நடுவில் எங்கே தொலைந்துவிடுவேனோ என்று அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். உச்சி வரை விடவில்லை. பக்கத்தில் ஓர் அம்மா, "தம்பி, அண்ணன் கையை விட்டுவிடாதே" என்று அவனுக்குப் புத்தி வேறு சொன்னார். லட்சக்கணக்கான தமிழர்களின் நடுவில், சட்டம் மிகக் கடுமையாக இருக்கும் ஒரு நாட்டில், நாங்கள் மிக நீண்ட நேரம் கைகோத்திருந்தது அங்கேதான்.

தெற்காசியாவின் வேடிக்கை இது. இரண்டு ஆண்கள் ஓர் அறை கேட்டால் ஒருவரும் புருவம் உயர்த்துவதில்லை. சிக்கனமான பிள்ளைகள் என்று நினைத்துக்கொள்வார்கள். பெரிய கட்டில் கொடுத்துவிட்டோமே என்று வரவேற்பாளரே மன்னிப்புக் கேட்டு இரண்டு சின்னக் கட்டிலாக மாற்றித் தருவார். அந்த அக்கறையை மறுக்கத் தெரியாமல் எத்தனை ஊரில் தனித்தனியே படுத்திருக்கிறோம் என்று கணக்கே இல்லை. யாழ்ப்பாணத்தில் நாங்கள் தங்கிய வீட்டுக்கார அம்மா கட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் மூன்று நாளும் இடியப்பத்தோடு அதே கேள்வியையும் பரிமாறினார்: "தம்பி, இன்னும் கலியாணம் கட்டவில்லையோ?" நான்காம் நாள் அவருக்குத் தெரிந்த ஒரு பிள்ளையின் ஜாதகம் வந்தது. ஐரோப்பியப் பயணிக்கு இந்த ஆபத்து இல்லை.

சிரித்துவிட்டோம். ஆனால் இலங்கையில் 365, 365 ஏ பிரிவுகள் இன்னும் நீங்கவில்லை. அவற்றை நீக்கும் மசோதா அரசியலமைப்புக்கு முரணல்ல என்று உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் சொன்னது. சட்டம் இருப்பதன் தீமை கைதில் மட்டும் இல்லை. நண்பர் ஒருவர் கொழும்பில் டேட்டிங் செயலி வழியாக ஒருவரைச் சந்திக்கப் போனார். அறைக்குள் இன்னும் இருவர் காத்திருந்தார்கள். கடிகாரம், கைப்பேசி, பணம் எல்லாம் போயிற்று. காவல் நிலையத்துக்குப் போய் என்ன என்று எழுதிக் கொடுப்பார்? மிரட்டுகிறவனுக்குப் பலம் கத்தி அல்ல, அந்தப் பிரிவு. எனவே இதை மட்டும் கட்டளையாகவே சொல்கிறேன். செயலியில் தூரம் காட்டும் வசதியை அணைத்து வையுங்கள். முதல் சந்திப்பு காப்பிக் கடையில்தான். எங்கே போகிறீர்கள் என்று ஊரில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். 2018 செப்டம்பர் 6இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பின் இந்தியாவில் நாம் குற்றவாளிகள் இல்லை. அந்தத் தைரியத்தை விமானத்தில் கூடவே எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

இந்தோனேசியா பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். அச்சே மாநிலம் வேண்டாம். அங்கே ஷரியா சட்டப்படி கசையடி, நூறு வரை. பாலி வேறு உலகம். ஆனால் 2026 ஜனவரியில் நடப்புக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் திருமணத்துக்கு வெளியே உடலுறவு கொண்டால் ஓராண்டு வரை சிறை. புகார் கொடுக்கக்கூடியவர்கள் கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள் மட்டுமே. சுற்றுலாப் பயணிக்கு இதனால் ஒன்றும் ஆகாது என்று எல்லாரும் சிரிக்கிறார்கள். என் அம்மாவை அவர்களுக்குத் தெரியாது.

பாங்காக் போகிறேன் என்று அலுவலகத்தில் சொன்னால் ஆண்கள் எல்லாரும் கண்ணடிக்கிறார்கள். தமிழ்நாட்டு ஆணுக்கு இதைவிட நல்ல மறைப்பு வேறு கிடையாது. நான் எதற்குப் போகிறேன் என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும், முழுக்கத் தவறாக! தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் எங்கள் மணம் சட்டப்படி செல்லும். சீலோம் சாலையில் நான்காம் சந்தில் எங்கள் மதுக்கூடங்கள். அதே சாலையில் கொஞ்ச தூரம் நடந்தால், தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில். தாய்க்காரர்கள் செவ்வந்தி மாலையோடு வரிசையில் நிற்பார்கள். விஜயதசமி ஊர்வலத்தன்று அந்தச் சாலையையே மூடிவிடுவார்கள். மாலையில் அம்மனைக் கும்பிட்டுவிட்டு இரவில் நான்காம் சந்துக்கு நடந்தே போனோம். வழியெல்லாம் கையை விடவில்லை. தமிழ் காதில் விழுந்தது, இரண்டு முறை. வியர்த்தது, ஆனாலும் விடவில்லை. அவன் ஒன்றும் சொல்லாமல் பிடியை மட்டும் இறுக்கினான்.

அந்தச் சந்துக்குள் வேறொன்றும் இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. செயலியைத் திறந்தால் பத்தில் இரண்டு அறிமுகத்தில் 'இந்தியர் வேண்டாம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். டோக்கியோவில் எங்கள் மதுக்கூடங்கள் நிறைந்த ஷின்ஜுகு இரண்டாம் வட்டாரத்தில் ஒரு கடை வாசலில், எங்கள் முகத்தைப் பார்த்ததும் கைகளைக் குறுக்கே வைத்துக் காட்டினார்கள். ஆறு நாற்காலி போட்ட கடை, மொழி தெரியாதவனை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள் என்று முதலில் நினைத்தேன். எங்களுக்குப் பின்னால் வந்த ஆஸ்திரேலியர் உள்ளே போனார். அவருக்கும் ஜப்பானிய மொழி தெரியாது. பச்சை அடித்த வரைபடத்தில் இந்த வாசல் தெரியாது. நம் ஊரில் ஜாதி கேட்டு வீடு தருகிறவனைப் பார்த்து வளர்ந்ததால் எனக்கு அது புரிந்துகொள்ள அதிக நேரம் பிடிக்கவில்லை. போகிற பிள்ளைகள் இதை எதிர்பார்த்துப் போங்கள். குறை உங்கள் நிறத்தில் இல்லை.

பாங்காக்கில் இன்னொன்று. செஞ்சிலுவைச் சங்கத்தின் அநாமதேய மருத்துவமனை 1991 முதல் இயங்குகிறது. பெயர் சொல்லாமல் எச்ஐவி பரிசோதனை செய்துகொள்ளலாம், வெளிநாட்டவருக்கும் உண்டு. சென்னையில் பரிசோதனைக் கூடத்தில் "கல்யாணம் ஆகிவிட்டதா?" என்று கேட்கும் முகத்துக்குப் பயந்தே போகாமலிருந்த எனக்கு, அங்கே எண் போட்ட ஒரு சீட்டு மட்டும் கையில் கிடைத்தபோது அழுகை வந்துவிட்டது.

ஹனோயில் அவனுக்கு டெங்கு வந்தது. மருத்துவமனைப் படிவத்தில் 'உறவு' என்ற கட்டம். நான் அவசரத்தில் அண்ணன் என்று எழுதிவிட்டேன். செவிலியர் இரண்டு பாஸ்போர்ட்டையும் வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். இரண்டு அப்பாக்கள், இரண்டு அம்மாக்கள், இரண்டிலும் வெறுமையாக இருந்த மனைவிக்கான வரி. என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். அண்ணன் என்பதை அடித்துவிட்டு, தம் கையெழுத்தில் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று இன்றுவரை தெரியாது. இரவு முழுக்க அவன் கட்டிலருகே உட்கார நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். நம் உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று எங்கள் மணத்தை ஏற்க மறுத்தபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த நாற்காலிதான். அதன் பிறகு நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் அதிகாரம் கொடுத்து, கையெழுத்திட்ட ஒரு கடிதத்தைப் பயணக் காப்பீட்டோடு சேர்த்தே வைத்திருக்கிறோம். செல்லுமா என்று கேட்காதீர்கள். வெறுங்கையோடு போய் நிற்பதற்கு அது மேல்.

சிங்கப்பூரை ஒரு வரியில் முடித்துவிடலாம் என்றிருந்தேன். ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய 377 ஏ பிரிவை 2022 நவம்பரில் நாடாளுமன்றம் நீக்கியது. அந்தச் சட்டத்தோடு நீதிமன்றத்தில் மோதியவர்களில் எம். ரவி என்ற தமிழ் வழக்கறிஞரும் உண்டு என்பதை நம் ஆட்கள் அதிகம் பேசுவதில்லை, ஆகவே சொல்கிறேன். ஹாங் லிம் பூங்காவில் 2009 முதல் நடக்கும் எங்கள் ஆட்களின் பிங்க் டாட் கூட்டத்துக்கு 2017 முதல் வெளிநாட்டவர் போக முடியாது. நாங்கள் போன நாளில் சாலையின் மறுபக்கம் நின்று பார்த்தோம். வேலிக்குள் பட்டுப் புடவை கட்டிய ஒரு தமிழ்ப் பாட்டி, பேரனாக இருக்க வேண்டும், அவன் தோளைப் பிடித்துக்கொண்டு இளஞ்சிவப்பு விளக்கை ஆட்டிக்கொண்டிருந்தார்.

வரும் ஆகஸ்டில் காத்மாண்டு. காய் ஜாத்ரா திருவிழாவை ஒட்டி நம்மவர்களின் பேரணி நடக்கும். நேபாளத்தில் 2023 நவம்பரிலேயே லம்ஜுங் மாவட்டத்தில் ஓர் இணையின் மணத்தைப் பதிவு செய்துவிட்டார்கள். இந்தியருக்கு விசாவும் தேவையில்லை. டிக்கெட் போட்டுவிட்டு, "அங்கே தமிழ்க் குரலே கேட்காது, நிம்மதியாக நடக்கலாம்" என்று அவனிடம் சொன்னேன். கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல் பதில் சொன்னான்: "முக்திநாத் போகிற மாம்பலத்து மாமாக்கள் எல்லாம் முதலில் காத்மாண்டுவில்தான் இறங்குவார்கள்."