டைபோலுக்கு 7 டிபிஐ வருவது மென்பொருளின் பிழை அல்ல

தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் வைத்த 14 மெகாஹெர்ட்ஸ் டைபோலுக்கு (எளிய கம்பி ஆன்டெனா) எம்மானா-கால் என்ற ஆன்டெனா கணக்கீட்டு மென்பொருள் 7 டிபிஐக்குக் (எல்லாத் திசைக்கும் சமமாக வீசும் கற்பனை ஆன்டெனாவோடு ஒப்பிட்ட ஈட்டம், டெசிபலில்) கிட்டக் காட்டுகிறது, டைபோலுக்கு 2.15 தானே, ஆகவே இலவச மென்பொருளை நம்பக்கூடாது என்று வெள்ளவத்தை அண்ணா ஒருவர் மேலே எழுதியிருக்கிறார். பலர் அதைப் பகிர்ந்தும் விட்டார்கள்.

அண்ணா, அந்தக் கணக்கு சரிதான். 2.15 என்பது சுற்றிலும் எதுவுமே இல்லாத வெற்றுவெளியில் இருக்கும் டைபோலுக்கான எண். நிலத்துக்கு மேலே வைத்தால் நேரடி அலையும் நிலத்தில் பட்டுத் திரும்பும் அலையும் சில கோணங்களில் ஒன்றுசேரும். அங்கே 6 டிபி வரை கூடலாம். வேறு கோணங்களில் ஒன்றையொன்று அழித்துவிடும். அரை அலைநீள உயரத்தில் (14 மெகாஹெர்ட்ஸுக்கு அது ஏறக்குறைய இந்த 10 மீட்டர்தான்) நேர் உச்சிக்குப் போவது மிகச் சொற்பம். சக்தி கூடவில்லை, அது போகும் திசைதான் மாறுகிறது.

புதிதாகப் பழகும் தம்பி தங்கைகள் இதைப் பார்த்து மென்பொருளையே கைவிட்டுவிடக் கூடாது என்பதால்தான் எழுதுகிறேன். யாரும் சோதிக்கலாம்: அதே கோப்பில் தரையை 'ரியல்' என்பதிலிருந்து 'ஃப்ரீ ஸ்பேஸ்' என்று மாற்றி மறுபடி கணக்கிடுங்கள், 2.1 சொச்சம் வரும். அப்புறம் ரியலுக்குத் திரும்பி உயரத்தை 5, 10, 15 மீட்டர் என்று மாற்றிப் பாருங்கள். ஈசிநெக் என்ற இன்னொரு ஆன்டெனா மென்பொருளிலும் இதையே செய்யலாம்.