மணி 11, இன்னும் டிபன் முடியலை

லீவு விட்டாலும் விட்டாங்க, எங்க வீட்டுல காலை டிபன்னு ஒண்ணு முடியறதே இல்லை. கும்பகோணத்து மே மாசம், அக்னி நட்சத்திரம் வேற. அடுப்படியில தோசைக்கல்லு முன்னாடி நிக்கிறவளைக் கேளுங்க, கத்திரி வெயில்னா என்னன்னு சொல்லுவா.

7 மணிக்கு மாமனாருக்கு இட்லி. எட்டரைக்கு இவர் பேப்பரை விரிச்சுக்கிட்டு உக்காருவார். அதை மடிக்கிறதுக்குள்ள ரெண்டு டிகிரி காபி. அப்புறம் மாயவரத்துலேருந்து வந்த நாத்தனார் பசங்க ஒவ்வொண்ணா எழுந்து வரும். ஒருத்தனுக்கு முறுகல், ஒருத்தனுக்கு ஊத்தப்பம், சின்னதுக்கு "அத்தை, தொட்டுக்க கடப்பா இல்லையா?" பாசிப்பருப்பை வேகவெச்சு, உருளைக்கிழங்கை மசிச்சு, தேங்காய், கசகசா அரைச்சு ஊத்தணும்டா கண்ணு, குழாயைத் திறந்தா கொட்டுமா?

"லீவுதானே, நிதானமா சாப்பிடட்டும்"னு மாமியார் சிபாரிசு. யாரோட நிதானம்? பெரியவன் தட்டுல சட்னி காஞ்சு ஓரமெல்லாம் வெள்ளையா ஒட்டிப்போச்சு. அவன் காஞ்ச கையோட அரை மணி நேரமா கிரிக்கெட் கதை அளக்கறான்.

மேட்டூர் அணையைத் திறக்கக்கூட ஜூன் 12ன்னு ஒரு தேதி வெச்சிருக்காங்க. என் அடுப்பை மூடறதுக்கு?

ஒருவழியா கல்லைக் கழுவிக் கவுத்தேன். முதுகுப் பக்கம் குரல்: "அத்தை, மத்தியானம் என்ன?"